குகைக்குள் கொடுத்த சம்மதம்

என் மகள் யாரையோ காதலிக்கிறாள், அதைச் சொல்லத்தான் என்னைத் தனியாக மலை பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. பஸ் ரங்கூன் எல்லையைத் தாண்டுவதற்குள் அந்தப் பையனுக்கு மூக்கு, முழி, உத்தியோகம், கெட்ட பழக்கம் எல்லாம் நானே கொடுத்துவிட்டேன். பர்மாக்காரன். ஊர் மாண்டலே. வாய் நிறைய வெற்றிலை.

எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். ரங்கூன் பபேடான் பேட்டையில் குடைக்கடை வைத்திருப்பவனுக்கு மழை பெய்யாவிட்டால் பயம், கடைக்குள் பெய்தால் பயம். அதெல்லாம் தொழிலோடு வருவது. அவள் வீட்டைவிட்டுத் தூரமாகப் போய்விடுவாளோ என்பதுதான் உண்மையான பயம். கட்டிக்கொடுத்தாலும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன்லியின் என்ற ஊர் மாதிரி ஓர் இடத்தில்தான் கொடுக்க வேண்டும், காலையில் போய் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாயந்தரம் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மாண்டலே எங்கே இருக்கிறது!

சந்தேகத்துக்குக் காரணங்கள் இருந்தன. வீட்டில் நாங்கள் தமிழும் பர்மாவும் கலந்து பேசுவோம். அவளுக்குக் கோபம் வந்தால் பர்மா, காரியம் ஆக வேண்டுமென்றால் தமிழ். அந்த வாரம் முழுக்கத் தமிழாகப் பேசினாள். ரங்கூன் ஓரத்து லைங் தாயாவில் அவள் வேலை பார்த்த தையல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். எங்கள் வீதியில் அவள் வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து மனசு எங்கேயோ போயிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

முழங்கால் வலி, மலை ஏற முடியாது என்று என் மனைவி வரவில்லை. ஆனால் பெரிய பாட்டில் நிறைய பலாச்சோங் வறுத்து, மூடியை பிளாஸ்டிக் பையால் இறுக்கிக் கட்டி, மகளின் பையில் வைத்தாள். சோற்றில் பிசைந்தால் அந்தக் காய்ந்த இறால் ஒரு குடும்பத்துக்கு மழைக்காலம் பூராவும் வரும்.

"இந்தா, இது என்ன டூருக்கா, குடி போறதுக்கா?" என்றேன்.

"வாயை மூடிக்கிட்டுப் போயிட்டு வாங்க" என்றாள். சிரிக்கவில்லை. என் பேச்சுக்கு அவள் சிரிக்காதது புதிதில்லை என்பதால் நானும் கவனிக்கவில்லை.

நாங்கள் போய் இறங்கிய பாஅன் ஊரைச் சுற்றியுள்ள மலைகள் மலை மாதிரி நடந்துகொள்வதில்லை. மலை என்றால் தூரத்தில் நீலமாகத் தெரிந்து, கொஞ்சம் கொஞ்சமாக மேடேற்றி, நமக்கு மனதைத் தயார்செய்துகொள்ள அவகாசம் தர வேண்டும். இங்கே சமதளமான வயல். அதன் நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும் விருந்தாளி போலக் கறுத்த சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்கிறது. அடிவாரம் கிடையாது. வரப்பு முடிகிற இடத்தில் மலை ஆரம்பிக்கிறது.

ஏரிக்கு நடுவில் நட்டுவைத்த விரல் போன்ற ஒரு பாறைக்கு முதலில் போனோம். அதன் உச்சியில் சின்னதாய் ஒரு பகோடா. பாதிப் படியில் கீழே பார்த்துத் தொலைத்தேன். கைப்பிடிக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இங்கேயே வீடு எடுத்துத் தங்கிவிடலாமா என்று யோசித்தேன். மகள் மேல்படியில் நின்று போனில் என்னைப் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

"மலையை எடும்மா. என் தொப்பையை எதுக்கு எடுக்குற?"

"மலை இங்கயேதான்ப்பா இருக்கும்."

மடக்கிப் பேசுகிறாள், என் பிள்ளையல்லவா என்று பெருமைப்பட்டேன்.

அடுத்தது குகை. மலைக்கு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வருகிற பெரிய குகை. வாசலில் புத்தர் சிலைகள் இருப்பதால் செருப்பைக் கழற்றி விட வேண்டும். உள்ளே போகப் போக இருட்டு. தரையில் மெத்துமெத்தென்று ஏதோ காலில் அப்பியது. மேலே பார்த்தால் கூரை நகர்ந்தது. அத்தனையும் வவ்வால். நான் என் தொழிலுக்கு உண்மையானவன். குடையை விரித்தேன்.

எதிரே வந்த ஒரு பர்மிய அம்மா நின்று, "ஊலே, உள்ளே மழையா?" என்று கேட்டார். அங்கே ஊலே என்றால் சித்தப்பா மாதிரி.

"எனக்கு மட்டும் பெய்யுது" என்றேன் பர்மாவில். அவர் சிரித்த சிரிப்பு குகை முழுக்க எதிரொலித்தது. வவ்வால்கள் கலைந்து பறந்தன. நான் முருகா முருகா என்று மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி மிச்ச குகையைக் கடந்தேன். அந்த அழகை நேரில் போயும் பார்க்காமல் வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

குகையின் மறுவாயில் வெளிச்சமாக இருந்தது. பாறைக்குக் கீழே பச்சைத் தண்ணீர், கரையில் கட்டிய படகுகள். "அப்பா, இங்க உக்காருங்க" என்று ஒரு சமமான கல்லைக் காட்டினாள். உட்கார்ந்தேன். அவள் எதிரே மண்டியிட்டு, கைகூப்பி, நெற்றி பாறையில் படும்படி மூன்று முறை வணங்கினாள்.

அதற்குக் கடோ என்று பெயர். விளக்குப் பண்டிகையில் பர்மியர்கள் பெற்றோருக்கும் பெரியவர்களுக்கும் செய்வது. எங்கள் தமிழ் வீடுகளிலும் எப்போதோ புகுந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னாலும் செய்வார்கள். வணங்கப்பட்டவர் வாய் திறந்து வாழ்த்த வேண்டும். வாழ்த்து வரும்வரை பிள்ளை குனிந்தே இருக்கும்.

பஸ்ஸில் தயார்செய்து வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டேன்.

"யாரா இருந்தாலும் எனக்குச் சம்மதம்மா. பர்மாக்காரனா இருந்தாலும் சரி. மாண்டலேயா இருந்தாலும் சரி, நான் பஸ் ஏறி வந்துக்குறேன். அந்த வெத்தலைய மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லு. ரெண்டு பேரும் நல்லா இருங்க."

அவள் தலை நிமிர்ந்தது. "யாருப்பா?"

"அவன்தான்."

"எவன்?"

"மாண்டலேக்காரன்."

சிரித்தாள். புரைக்கேறும்வரை சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். என் சிரிப்பு முடிந்த பிறகும் அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அது அழுகை என்று எனக்குத் தெரிய நேரமாயிற்று.

"அப்படி யாரும் இல்லப்பா. நான் வேலைக்குத் தாய்லாந்து போறேன். நாளைக்குக் காலைல, இங்கேருந்தே வண்டி."

நெடுந்தூரம் போகிறவர்களும் கடோ செய்வார்கள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அம்மாவுக்கு?"

"தெரியும். உங்ககிட்ட வீட்லயே சொல்லியிருந்தா நீங்க விட்டிருக்க மாட்டீங்க. எதையாவது பேசிச் சிரிக்க வெச்சே நிறுத்திடுவீங்க."

திரும்பும்போது படகில் வந்தோம். ஓரிடத்தில் பாறை தலையில் இடிக்கும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. படகுக்காரர் குனியச் சொன்னார். குனிந்தேன். நீச்சல் தெரியாத எனக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்துப் பயமே வரவில்லை.

அதற்குப் பிறகு எல்லா வித்தையும் செய்து பார்த்தேன். தாய்லாந்தில் சாம்பார் இனிக்கும் என்றேன். உன் அம்மாவிடம் என்னைத் தனியாக மாட்டிவிடுவது நியாயமா என்றேன். தமிழில் சொன்னேன், பர்மாவில் சொன்னேன். "சரிப்பா, சரிப்பா" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒன்றுக்கும் மசியவில்லை.

பொழுது சாயும்போது சல்வீன் ஆற்றங்கரைக்கு நடந்தோம். அங்கே ஒரு மலையின் பொந்திலிருந்து வவ்வால்கள் புகை போலக் கிளம்பி, ஆற்றுக்கு மேலே நீண்டுகொண்டே போயின. நிற்காமல் வந்தன. கரையில் தேநீர் விற்ற பெண், "விடிஞ்சா எல்லாம் திரும்ப வந்துடும்" என்றாள். நானும் மகளும் தேநீரைக் குடித்தோம். குடையை விரிக்கவில்லை.

காலையில் நாங்கள் தங்கிய விடுதி வாசலுக்கு வேன் வந்தது. ஏற்கெனவே ஆட்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் அவள் வயதுப் பிள்ளைகள். பையை ஏற்றிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நேத்து வாழ்த்துனது அந்த மாண்டலேக்காரனுக்குப்பா. எனக்கு இன்னும் ஒண்ணும் சொல்லல."

வாயைத் திறந்தேன். கடையில் நாளெல்லாம் ஓயாத வாய். எங்கேயும் போகாதே என்று கத்த வேண்டும் போல் இருந்தது. நல்லா இரு என்று சொன்னால் போய்விடுவாள், சொல்லாவிட்டாலும் போகத்தான் போகிறாள்.

"பின்சீட்ல உக்காராதம்மா, வாந்தி வரும்" என்றேன்.

"சரிப்பா" என்றாள்.

பின்சீட்டில்தான் இடம் இருந்தது. அதில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினார்கள். வேன் கிழக்கே போனது. நான் ரங்கூன் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தேன். அவள் எல்லையைத் தாண்டி பாங்காக் போய்ச் சேர்ந்து, அங்கே ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். இன்றுவரை நாங்கள் அவளைப் பார்க்கவில்லை.