வாளியில் வந்த பவளம்

"மன்னிச்சு விட்டுரு, போகட்டும்"னு எங்கம்மா இன்னைக்கும் சொல்றாங்க. ஆவூர் மாதா கோயில்ல ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போனா சாமியாரும் அதையேதான் சொல்றார். நான் நல்ல பிள்ளையா தலையாட்டுவேன். மனசுக்குள்ள மட்டும் "மாட்டேன்"னு சொல்லிக்குவேன். என் ஆராய்ச்சியைத் தூக்கிட்டுப் போன ஆளை நான் மன்னிக்கல. செஞ்ச பாவத்தை ஒத்துக்கிற பாவசங்கீர்த்தனத்துல கூட இதைச் சொன்னதில்ல, ஏன்னா எனக்கு இதுல வருத்தமே கிடையாது.

அவர் என் கைடு. புதுக்கோட்டையில நான் பிஎச்.டி. பண்ணிக்கிட்டிருந்த காலேஜ்ல பேராசிரியர், எங்களுக்கெல்லாம் சார். பவளப்பாறை ஆராய்ச்சியில பெரிய பேரு. ஆனா படகுல கால வச்சாலே மனுசனுக்குக் குமட்டும். அதனால கடலுக்குப் போறது, முங்குறது, வெட்டி எடுக்குறது எல்லாம் எங்க தலையில.

பவளத்தைக் கல்லுன்னு நெனைக்கிறவங்க நெறைய பேர். அது உசுருள்ள பிராணிங்க. தண்ணி சூடேறினா அதுக்கும் ஒடம்புக்கு முடியாமப் போகும். வெளுத்துப் போனா எல்லாருக்கும் கண்ணுல தெரியும், ஆனா அப்ப ரொம்ப லேட்டு. அதுக்கு முன்னாடியே அதோட செல்லுக்குள்ள சில ஜீன்கள் கூப்பாடு போட ஆரம்பிச்சிரும். எந்த ஜீன் எவ்வளவு சத்தம் போடுதுன்னு ஆர்.என்.ஏ.வை எடுத்து அளந்து பாக்குறதுதான் என் வேலை.

இதுல ஒரு சங்கடம் இருக்கு. அந்தச் சத்தம் சட்டு சட்டுனு மாறிரும். வெட்டின கையோட, படகுலயே, பவளத் துண்டைப் பதப்படுத்துற திரவத்துல போட்டாகணும். எங்க லேப்ல பழக்கமே வேற. கடல்தண்ணி வாளியில துண்டைப் போட்டு, கரைக்குக் கொண்டாந்து, ஜீப்புல ஏத்தி, புதுக்கோட்டை வந்து ஆற அமரத்தான் திரவத்தையே தொறப்போம். உச்சிவெயில்ல அந்த வாளிக்குள்ள கைய விட முடியாது. ஒரு ஆளை மாடிப்படி ஓட வச்சுட்டு உடனே பிரஷர் பாத்தா என்ன காட்டும்? அந்தக் கதைதான். சார்கிட்ட சொன்னா, "எத்தனை வருசமா இப்பிடித்தாம்மா பண்றோம். நீ புதுசா ஆரம்பிக்காத"ம்பார்.

சரி, காட்டிருவோம்னு ரெண்டு விதமாவும் எடுத்தேன். எங்க மாவட்டத்துக் கடலோரம் பெரும்பாலும் சேறும் கடல்புல்லுந்தான், பவளத்துக்கு கோட்டைப்பட்டினம் தாண்டி இன்னும் தெக்க போகணும். அனுமதி வாங்கி, பஸ் மாறி, படகு பிடிச்சு, காது அடைச்சு, மொகமெல்லாம் கருத்து எடுத்த துண்டுங்க. படகுலயே திரவத்துல போட்டதுக்கு ஏ, வாளியில வந்ததுக்கு பி. அளந்ததைக் கம்ப்யூட்டர்ல வண்ணப் படமாப் போடுவோம், ஜீன் சத்தம் போட்டா சிவப்பு, அமைதியா இருந்தா நீலம். ஏ படம் ஏறக்குறைய நீலம். பி படம் ரத்தக் களரி. ஒரே பாறை, ஒரே நாள். அதுதான் என் தீசிஸ்.

அப்பத்தான் எங்க காலேஜ்ல நடக்கப்போற கருத்தரங்கத்தோட அழைப்பிதழ் கைக்கு வந்துச்சு. சார் பேசுறார். தலைப்பு, லேப் கம்ப்யூட்டர்ல என் ஃபைலுக்கு நான் வச்சதேதான். பேரு அவரோடது மட்டும். நேரா அவர் ரூமுக்குப் போனேன்.

"சார், அது என் டேட்டா."

"லேப் டேட்டாம்மா. லேப் யாரோடது? ஒன் தீசிஸ்ல கையெழுத்துப் போடப்போறது யாரு? போ, போய் வேலையப் பாரு."

அவர் பேர்ல அது அச்சாயிட்டா என் தீசிஸ்ல மிச்சம் ஒண்ணும் இருக்காது. சார் வேலையைக் காப்பியடிச்சவள்னு என்னையே சொல்லுவாங்க. கண்ணு கலங்கிருச்சு. குனிஞ்சு தொடைக்கும்போது மேசையில அவரோட ஸ்லைடு பிரிண்ட் கிடந்துச்சு. முழுக்கச் சிவப்பு. பி! வாளி!

சிவப்பா இருக்கேன்னு அதை மட்டும் உருவிட்டார் மனுசன். 'ஏ'ன்னா என்ன, 'பி'ன்னா என்னன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்ததை அப்பிடியே முழுங்கிட்டேன்.

"சரிங்க சார், வாரேன்"னு வெளிய வந்து, படியில நின்னு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன்.

கருத்தரங்கத்தன்னைக்குக் கிறிஸ்மஸ் சேலையைக் கட்டிக்கிட்டு ரெண்டாவது வரிசையில உக்காந்தேன். வெளியூர்லேருந்து வந்திருந்த பெரிய விஞ்ஞானியம்மா ஒருத்தங்க எனக்கு முன்னாடி உக்காந்திருந்தாங்க. சார் சிவப்புப் படத்தைப் போட்டு, "இந்தப் பவளங்கள் செத்துக்கொண்டிருக்கின்றன"ன்னு கையை விரிச்சார். ஹால் அதிரக் கைதட்டல். அது அடங்குற வரைக்கும் காத்திருந்து கையத் தூக்கினேன்.

"வெட்டினதுக்கு அப்பறம், திரவத்துல போடுற வரைக்கும், துண்டெல்லாம் எங்க சார் இருந்துச்சு?"

"வழக்கமான முறைதாம்மா."

"வழக்கமான முறைன்னா, வாளிங்களா சார்?"

முன்னாடி இருந்த விஞ்ஞானியம்மா கண்ணாடியைக் கழட்டிட்டாங்க. "வாளியா? வெயில்லயா? அப்ப நீங்க அளந்தது கடலை இல்லையே, வாளியைத்தான?" சார் தண்ணி குடிச்சார். நான் அவர் தவிக்கிறதைக் கண்குளிரப் பாத்துக்கிட்டிருந்தேன். கடைசியில விரலை நீட்டி என்னையக் காட்டினார்.

"அது அந்தப் பொண்ணு பண்ணின தப்புங்க மேடம். முங்கி எடுத்தது, ஆர்.என்.ஏ. பிரிச்சது, கணக்குப் போட்டது எல்லாமே அவதான். என் கை இதுல படவே இல்ல."

என்னைப் பெத்தவங்க கூட என்னைய இத்தனை பேருக்கு முன்னாடி இப்பிடி அறிமுகப்படுத்தினதில்ல. எந்திரிச்சேன்.

"ஆமாங்க மேடம், எல்லாம் நாந்தான் செஞ்சேன். வாளி முறை தப்புன்னு காட்டத்தான் வேணும்னே வாளியிலயும் வச்சேன். படகுலயே போட்டதோட முடிவும் எங்கிட்ட இருக்கு. சார் பாதியைத்தான் எடுத்திருக்கார்."

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினாங்க.

"சார், ஒங்க முதல் ஸ்லைடைப் போடுங்க. பேரு போட்டிருந்தீங்களே, அதைத் திரும்பப் பாப்போம்."

ஒவ்வொரு ஸ்லைடா பின்னாடி தள்ளிக்கிட்டே போனார். சிவப்பு, சிவப்பு, அப்பறம் வெள்ளையா அந்த முதல் ஸ்லைடு. அதுல அவர் பேரு மட்டும் தனியா நின்னுச்சு. இந்தத் தடவை யாரும் கைதட்டல. நான் மட்டும் தட்டினேன்.