ஒட்டிவைத்த கப்பல்

எங்கள் வீட்டு ஷோகேஸில் ஒரு கப்பல் இருக்கிறது. முழங்கை நீளம், மூன்று பாய்மரம், அடியில் நீல அலைகள். எல்லாம் பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றோடொன்று அழுத்திச் சேர்த்தது. வருகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்த்து "அடேயப்பா" என்றுவிட்டுத்தான் உட்காருவார்கள். நான் மட்டும் அதை நேராகப் பார்ப்பதில்லை. துடைக்கிற நாளில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் துடைப்பேன்.

அதைச் செய்தது என் வீட்டுக்காரர். மன்னார்குடிப் பக்கம் ஆற்று மதகில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் திறக்கிற காலத்தில் கைப்பிடியைச் சுற்றி ஷட்டரை ஏற்றி இறக்குவதுதான் லஸ்கர் வேலை. அத்தனை வருஷம் சுற்றிய வலது கைதான் ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ்ஷைக் கீழே போட்டது. எடுத்துக் கொடுத்தேன், மறுபடியும் போட்டார். "என்னங்க விளையாட்டு இது, காலங்காத்தால?" என்று கத்தினேன். நிமிர்ந்து பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். நடை வந்துவிட்டது. பேச்சு ஒன்றிரண்டு வார்த்தையாக வந்தது. கைதான் வரவில்லை. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அம்மா, மொத ஆறு மாசம் ரொம்ப முக்கியம். விரலுக்கு தினம் வேலை குடுத்துக்கிட்டே இருங்க. விட்டுட்டீங்கன்னா அப்படியே மடங்கிடும்." அவள் கொடுத்த ரப்பர் பந்தை இவர் கொல்லையில் வீசிவிட்டார். ஆனால் கை வரவேண்டும் என்று அவருக்கு இருந்த ஆசை எனக்குத் தெரியும். எங்கள் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். தாரை வார்க்கும்போது அப்பா அவள் கையைத் தன் வலது கையால் எடுத்து மாப்பிள்ளை கையில் வைக்கவேண்டும். "இந்தக் கையால," என்பார், இடது கையால் வலது கையைத் தூக்கிக் காட்டி.

துபாயில் இருக்கும் மகன், ஊருக்கு வந்த நண்பரிடம் இந்தக் கப்பல் செய்கிற கட்டைப் பெட்டியைக் கொடுத்துவிட்டிருந்தான். போனில் அவனை வாங்கு வாங்கு என்று வாங்கினேன். "ஏன்டா, கை வெளங்காம கெடக்குற மனுஷனுக்கு விளையாட்டுச் சாமானா அனுப்புவே? புத்தி கெட்டுப்போச்சா?"

"அம்மா, இது பெரியவங்க செஞ்சு அழகுக்கு வைக்கிறதும்மா. விரலுக்கு வேலை இருக்குல்ல," என்றான்.

கட்டைகளை முறத்தில் கொட்டிக் கொடுத்தேன். இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கட்டைவிரலால் அழுத்துவார். ஒரு கட்டை உட்காருவதற்குள் காபி ஆறிவிடும். மூன்று வாரம் ஆகியும் கப்பலைக் காணோம். அடிப்பெட்டிக்குள் பல்சக்கரமாகவே கோத்துக்கொண்டிருந்தார். மூடிவிட்டால் ஒன்றும் வெளியே தெரியாது. பெட்டி மேல் இருந்த படத்திலும் கப்பல்தான் இருந்தது, சக்கரம் இல்லை. "யாரு கண்ணுக்கும் தெரியாத எடத்துல எதுக்குங்க இத்தனை சக்கரம்? மேல கட்டுங்க, பாக்கவாவது லட்சணமா இருக்கும்," என்றேன். கோணல் வாயால் சிரித்தார். "ஷட்டர்," என்றார்.

முடிந்த அன்றுதான் எனக்கு விளங்கியது. பின்பக்கம், அலைக்கு அடியில் ஒளிந்தாற்போல், மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் அலைகள் ஒன்று மாற்றி ஒன்று ஏறி இறங்கும், கப்பல் மூக்கைத் தூக்கித் தூக்கி ஆடும். நானே சந்தோஷத்தில் கைதட்டினேன். அன்றிலிருந்து காலைக் காபி முடிந்ததும் வலது கையின் மூன்று விரலால் பிடித்துச் சுற்றுவார். முதலில் அரைச் சுற்று. பிறகு பத்து, பிறகு ஐம்பது. நாலாம் மாதம் ஒரு நாள் டம்ளரை வலது கையால் தூக்கி வாய்வரை கொண்டுபோனார். பாதி வேட்டியில் கொட்டியது. அன்றைக்கு நான் திட்டவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சீர்காழியிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் எங்கள் பக்கம் நல்ல பொருள் எல்லாம் ஷோகேஸுக்குப் போய்விடும், நோய்நொடி எல்லாம் உள்ளறைக்குப் போய்விடும். இவர் கூடத்தில் உட்கார்ந்து பொம்மைக் கப்பலைச் சுற்றிக்கொண்டிருப்பதை அவர்கள் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை. அவர்கள் வருவதற்கு முதல் நாள் மத்தியானம் இவர் தூங்கும்போது கப்பலைத் தூக்கினேன். ஒரு பாய்மரம் கழன்று விழுந்தது. வருகிறவர்கள் எடுத்துப் பார்த்து, அவர்கள் கையில் பொலபொலவென்று உதிர்ந்தால் மானம் போய்விடுமே என்று கடைக்கு ஓடினேன். செருப்பு ஒட்டுகிறோமே, அந்த உடனே பிடிக்கிற பசையில் இரண்டு டியூப் வாங்கிவந்து மேலிருந்து கீழ்வரை ஒட்டினேன். அலை ஆடிக்கொண்டே இருந்தது. அதற்கும் நாலு சொட்டு விட்டேன். சக்கரம் ஆழத்தில்தானே இருக்கிறது, அங்கே போகாது என்று நினைத்தேன். அப்போதே நினைத்தேனா, பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டதா, இப்போது தெரியவில்லை.

வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. கப்பலையும் பிடித்துவிட்டது. "யாருங்க செஞ்சது?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். "பையன் துபாய்லேந்து அனுப்புனதுங்க," என்றேன். இவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், வலது கை மேல் துண்டு கிடந்தது. துண்டைப் போட்டு மூடியதும் நான்தான்.

மறுநாள் காபி முடிந்து கப்பலைக் கேட்டார். எடுத்துவைத்தேன். விரல்கள் கைப்பிடியைப் பிடித்தன. சுற்றவில்லை. இன்னும் அழுத்தினார், கழுத்து நரம்பு புடைத்தது. அலைகளின் ஓரத்தில் பசை வெள்ளையாகப் பூத்திருந்தது. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கை... போச்சு," என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். ஊரில் ஒருத்தரையும் விட்டுவைக்காமல் பேசுகிற எனக்கு, "கை போகலீங்க, நான்தான் ஒட்டித் தொலைச்சுட்டேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. "இன்னிக்கு ஒடம்பு அசதியா இருக்கும், நாளைக்குப் பாக்கலாம்," என்றேன். மூன்று நாள் முயன்றார். பிறகு கப்பலைக் கேட்கவே இல்லை. பயிற்சிக்கு வந்த பெண்ணையும் கையைத் தொட விடவில்லை. "வேற ஒண்ணு அனுப்பட்டாம்மா?" என்று மகன் போனில் கேட்டான். வேண்டாம் என்றேன். வேறு வந்தால், இது என்ன ஆயிற்று என்று கேட்பான். ஆறு மாதம் முடிந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே மடங்கின.

கல்யாணத்தில் அவருடைய தம்பி பின்னால் நின்று அவர் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தார். பெண்ணின் கை அந்த மூடிய விரல்களின் மேலே நிற்காமல் நழுவியது. கடைசியில் அவள்தான் அப்பாவின் கையைப் பற்றிக்கொண்டாள். செம்பிலிருந்து நீர் ஊற்றியது நான். பாதி வெளியேதான் போயிற்று.

அவளைச் சீர்காழியில் விட்டுவந்த மறுநாள் வீடு வெறிச்சென்று கிடந்தது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கப்பலைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். செருப்புப் பசை, இரண்டு டியூப், அலைக்கு நாலு சொட்டு. "என்னைச் செருப்பால அடிங்க," என்று அழுதேன். அவர் இடது கட்டைவிரலால் அலை ஓரத்து வெள்ளையைத் தேய்த்துப் பார்த்தார்.

"தெரியும்," என்றார். "ஷட்டர்... சிக்குனா... எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏங்க கை போச்சுன்னு சொன்னீங்க?"

இடது கையால் கப்பலை என் பக்கம் தள்ளினார்.

"நீ... சொல்லுவேன்னு... பாத்தேன்."

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. எழுந்துபோய்ச் சோற்றைப் பிசைந்து எடுத்துவந்து, ஸ்பூனைத் தட்டின் இடது பக்கம் வைத்தேன்.