மட்டக்குளிக் கூட்டத்தில் நான் சாகடித்த அண்ணன்

உயிரோடு இருந்த என் அண்ணனை, இறந்துவிட்டார் என்று சொன்னவன் நான். மட்டக்குளியில் ஒரு தொடர்மாடி முற்றத்தில், ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊரார் கேட்கச் சொன்னேன். வாக்குக்காகச் சொன்னேன்.

நீங்கள் என்னை அறிந்தவராகவும் இருக்கலாம். கொட்டாஞ்சேனையில் ஒரு மாடியில் சிறிய சபை நடத்தும் போதகன் நான். பெண்கள் முக்காடில்லாமல் ஜெபிக்கக் கூடாது, விவாகரத்துக் கூடாது, சினிமா கூடாது, குடி அறவே கூடாது... இப்படிக் கண்டிப்பாகப் போதித்தே பெயர் வாங்கியவன். பொய் சொல்லும் நாவைப் பற்றியும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கித்திருக்கிறேன்.

மாகாண சபைகளுக்குத் தேர்தல் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு கட்சிக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். "இந்தப் பக்கத்தில உங்களுக்கு நல்ல மதிப்பு இருக்கு பாஸ்டர், நீங்க கேட்டா சனம் போடும்" என்றார்கள். சபை மூப்பர்கள் வேண்டாம் என்றார்கள். நான் கேட்கவில்லை, வேட்பாளராக நின்றேன். பாடசாலைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் சாராயக் கடைகளை மூட வேண்டும் என்பதே என் பேச்சு. அதை மனதார நம்பினேன். அந்த ஒன்றில் நான் பொய்யன் இல்லை.

நம்பியதற்குக் காரணமே அருள் அண்ணன்தான். அப்பா இறந்த பிறகு புறக்கோட்டையில் மூட்டை தூக்கி என்னைப் படிக்க வைத்தவர். வேதாகமக் கல்லூரிக்குப் புறப்பட்ட நாளில் என் பெட்டியையும் தோளில் வைத்துக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தார். எப்போது குடிக்கத் தொடங்கினார் என்று எனக்குத் தெரியாது. நான் போதகனாகத் திரும்பி வந்தபோது அவர் கசிப்பு என்ற கள்ளச்சாராயத்துக்கு அடிமையாகியிருந்தார். வீதியோரத்தில் கிடந்த அவரைப் பல தடவை நானே தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்னர் அவர் வைத்தியசாலையில் இருந்து வெளியே வந்தார். "இனித் தொட மாட்டன் தம்பி" என்றார். ஹெந்தளையில் கடலுக்குக் கிட்ட ஓர் அறை பார்த்துக் கொடுத்தேன். பழைய கூட்டாளிகளிடமிருந்து தூரமாக இருக்கட்டும் என்று அவரிடம் சொன்னேன். என் சபையாரின் கண்களிலிருந்தும் தூரமாக இருக்கட்டும் என்று நினைத்ததைச் சொல்லவில்லை. அங்கே ஓர் ஐஸ் கிடங்கில் காவல் வேலை கிடைத்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு முன்னால் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட மாட்டார், பாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிடும்படி நான் கேட்டிருக்கவில்லை.

இனி அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன்.

யாரும் என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பெண்கள் தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் மதிலோடு சாய்ந்து நின்றார்கள். அந்த எரிச்சலில், "என்னுடைய அண்ணனும் குடிகாரன்தான்" என்று சொல்லிவிட்டேன். முற்றம் அப்படியே அடங்கியது. எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. முன்வரிசையில் இருந்த ரீட்டா என்ற பெண் எழும்பிக் கேட்டாள்:

"இப்ப அவர் எங்க பாஸ்டர்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். குடியை விட்டுவிட்டார், நன்றாக இருக்கிறார் என்று சொல்லியிருந்தால் அதுவே பெரிய சாட்சி. ஏன் சொல்லவில்லை? இந்தக் கேள்வியோடுதான் இத்தனை வருடங்களாக இருக்கிறேன். பதில் எனக்குத் தெரியும்... நான் அண்ணனை நம்பவில்லை. வாக்களிப்புக்கு முன்னர் அவர் மறுபடி குடித்துவிட்டு எங்காவது விழுந்து கிடந்தால்? இறந்தவர் மறுபடி குடிக்க மாட்டார். அந்த ஒரு கணத்தில் என் மனம் போட்ட கணக்கு அது.

"செத்துப்போனார்" என்றேன். "ஈரல் பழுதாகிச் செத்துப்போனார்."

பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன். அந்தக் கண்ணீரும் பொய்யா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்ல வேண்டும் என்று மறுநாள் ஹெந்தளைக்குப் போனேன். அண்ணன் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். சவர்க்கார நுரையைக் கையிலிருந்து வழித்துவிட்டார்.

"என்ன வருத்தத்தில செத்தனான்?"

"ஈரல், அண்ணே."

"ஓ... நல்லகாலம், லொறியில அடிபட்டன் எண்டு சொல்லாம விட்டாய்" என்று சிரித்தார். பிறகு ஈரக் கையால் என் தோளைத் தொட்டார். "சரி, யோசிக்காத. எலெக்சன் முடியுமட்டும் செத்தவனாவே இருக்கிறன். நீ வெண்ட பிறகு எழும்பி வாறன்."

நான் வெல்லவில்லை. கட்சிப் பட்டியலில் ஆளாளுக்கு விழும் விருப்பு வாக்குகளில் எங்கேயோ கீழே கிடந்தேன். தோற்ற பிறகு அண்ணனை எழுப்ப என்ன தடை? ஆனால் கதை எனக்கு முன்னால் போய்விட்டது. மற்றச் சபைகளிலிருந்து அந்தச் சாட்சியைச் சொல்லும்படி அழைப்பு வந்தது. போனேன், சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரீட்டா தன் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தலையை ஒழுங்காக வாரி, சட்டைக் கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டி, வெட்கத்தோடு நின்றார் அவர்.

"உங்கட அண்ணன்ட சாவுதான் பாஸ்டர் இவரை நிப்பாட்டினது" என்றாள்.

இனி நான் எப்படி வாய் திறப்பேன்? நீங்களே சொல்லுங்கள்.

அண்ணனிடம் சொன்னேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "அப்ப நான் செத்தது வீணாப் போகேல்ல" என்றார். அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் முதலில் அந்த மனிதரைப் பற்றித்தான் கேட்பார். "இப்பவும் குடிக்கிறேல்லயா? வேலைக்குப் போறானா?" தனக்கு ஒரு பிள்ளை இருந்தால் கேட்பதுபோலக் கேட்பார்.

ஒரே ஒரு தடவைதான் தனக்காகக் கேட்டார். நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னர். "உன்ர சபைக்கு ஒருநாள் வரட்டா? கடைசி வரிசை வாங்கில இருந்து நீ பேசிறதைக் கேட்டுட்டுப் போறன். யாரெண்டு ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்ல."

"பாப்பம் அண்ணே" என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ரீட்டாவின் கணவர் இன்றும் குடிப்பதில்லை. ஆகவேதான் இதைச் சபையில் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையான காரணம் அதுதானா, அல்லது நான் ஒளிந்துகொள்ள அந்த நல்ல மனிதரையும் பிடித்துக்கொண்டேனா... அதையும் அறியேன்.

அண்ணன் நித்திரையிலேயே போய்விட்டார். வீட்டுக்கார அம்மாதான் தொலைபேசியில் அறிவித்தாள். ஹெந்தளையில் அடக்க ஆராதனையை நானே நடத்தினேன். ஐஸ் கிடங்கில் வேலை செய்கிறவர்களும் அயலவர்களும் வந்திருந்தார்கள். "இந்தச் சகோதரர்" என்று தொடங்கினேன். எங்கள் வழக்கத்தில் எல்லாரும் சகோதரர்தானே, யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. என் வாழ்நாளில் நான் சொன்ன மிகப் பெரிய உண்மையை, அது உண்மை என்று ஒருவருக்கும் விளங்காதபடி சொன்னேன்.

மண் போட்ட பிறகு வீட்டுக்கார அம்மா எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"இஞ்ச வந்த நாள் தொடக்கம் ஒரு சொட்டுக் குடிக்கேல்ல பாஸ்டர். தங்கமான மனுசன்" என்றாள். "அவற்ர தம்பி ஒருத்தர் முந்தி எலெக்சன் கேட்டவராம். பேர் சொல்ல மாட்டார். பெரிய ஆள் எண்டு மட்டும் சொல்லுவார். வோட்டுப் போடுற அண்டு விடியவே வெளிக்கிட்டு மட்டக்குளிக்குப் போனவர், அவருக்குப் பழைய விலாசத்திலதான் வோட்டு. பழைய ஆக்கள் கண்டா தம்பிக்குக் கரைச்சலாம், தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு போனவர். திரும்பி வந்து மை பூசின விரலை இந்த ஒழுங்கை முழுக்கக் காட்டித் திரிஞ்சார்."

எனக்கு விழுந்த வாக்குகளில் ஒன்று அவருடையது. அதை அன்றுதான் அறிந்தேன். கோப்பையைக் கீழே வைத்தேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க அவருக்கு என்ன முறை பாஸ்டர்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அங்கே வாக்காளர் இல்லை, ரீட்டா இல்லை, என் சபை இல்லை. நானும் அந்த அம்மாவும் மட்டும்தான் இருந்தோம்.

"பழக்கம்" என்றேன்.

"ஓ" என்றாள். என் கோப்பையை எடுத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப, அந்தத் தம்பிக்கு யாராவது அறிவிக்க வேணுமே?"

"நான் அறிவிக்கிறன்" என்றேன்.