பதினொரு பேர் தொட்ட பந்து

கானா நாட்டுக் குமாசி நகரத்தில் எங்கள் பகுதியில் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிற யாவ் அம்போன்சாவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கோச்சு என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். எங்கள் சபையின் சிறுவர் கால்பந்து அணி அவர் கையில் இருந்தது. அவருக்கு மனைவி உண்டு, கடை உண்டு, ஆனால் சாயங்காலம் நாலு மணி ஆகிவிட்டால் அந்தப் பையன்கள்தான் உலகம். பாதி ஒட்டிய டியூபைத் தண்ணீர்த் தொட்டியிலேயே விட்டுவிட்டு மைதானத்துக்கு வந்துவிடுவார். டாக்சிக்காரர்கள் பின்னாலேயே வந்து திட்டுவார்கள். நான் மைதானத்து ஓரத்தில், சோளமாவை இலையில் கட்டி அவித்த கென்கேயும் பொரித்த மீனும் விற்கிறவள், எல்லாம் என் கண்முன் நடந்ததுதான்.

கோச்சுவிடம் ஒரு சட்டம் இருந்தது. அணியில் பதினொரு பேரும் பந்தைத் தொட்ட பிறகுதான் கோல் அடிக்கலாம். கோல்கீப்பரையும் சேர்த்து.

"ஓடத் தெரிஞ்ச ஒருத்தன்கிட்டயே பந்தைக் கொடுத்தா இந்த வருஷம் ஜெயிப்போம். மத்த பத்துப் பேரு என்னத்தைக் கத்துக்குவானுங்க?" என்பார்.

பையன்கள் இந்தச் சட்டத்தை வேதவசனம் போலப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு ஆட்டத்தில் எதிரணி கோல்கீப்பர் வழுக்கி விழுந்து கிடக்கிறான், கோல் திறந்து கிடக்கிறது, எங்கள் ஒசெய் பந்தோடு நிற்கிறான். சட்டென்று திரும்பி எங்கள் கோலைப் பார்த்து ஓட ஆரம்பித்தான். எங்கள் கோல்கீப்பர் இன்னும் பந்தைத் தொடவில்லையாம். அவனோ கால்சட்டை நாடா அவிழ்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். அந்த ஆட்டம் தோற்றோம்.

பையன்களுக்குச் சீருடை வாங்கிக் கொடுத்தது மூப்பர் அசமானி. வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். பையன்கள் முதுகில் 'அசமானி பிரேக்: நம்பி மிதிக்கலாம்' என்று அச்சடித்திருந்தார். கடை மேசையில் ஒரு கோப்பையை வைக்க இடம்கூட ஒதுக்கிவிட்டார். அது வருஷக்கணக்காகக் காலியாகவே இருந்தது.

"தம்பி, பிரேக் விக்கிற என் பேரைப் போட்டுக்கிட்டு உன் பசங்க கோல் முன்னாடி வந்து பிரேக் போடுறானுங்க. சந்தையில சிரிக்கிறாங்கய்யா. ஈஸ்டருக்குள்ள கோப்பை வரலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறோம்."

"பசங்க இப்பத்தான் கத்துக்கிறாங்க ஐயா."

"எனக்கும் வயசாகுதுல்ல."

கோச்சு அன்று என்னிடம் கென்கே வாங்கினார். பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் சட்டத்தை மாற்றவில்லை. பந்தைப் பதினொரு காலும் சுற்றி வரவைப்பதை இன்னும் வேகமாகச் செய்யத்தான் பழக்கினார். ஒசெய்க்கு வலது கால் பீரங்கி மாதிரி. அதை விட்டுவிட்டு இடது காலைப் பழக்கச் சொல்லிப் பிராணனை வாங்கினார்.

கர்த்தருடைய கிருபை, அந்த வருஷம் பையன்களுக்கு அது கைவந்துவிட்டது. இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். அன்றைக்கென்று மழை. சேற்றில் பந்து பத்தாவது ஆளிடம் போவதற்குள் யாராவது வழுக்கி விழுந்தார்கள். இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் ஆட்டம் முடிந்து, பெனால்டிக்குப் போனது.

ஒசெய் பந்தை வாங்கிக்கொண்டு போனான். போனவன் நின்றுவிட்டான்.

"அடிடா," என்றார் நடுவர்.

"மத்தவங்க யாரும் தொடலையே சார்."

"பெனால்டியை ஒருத்தன்தான்டா அடிக்கணும்."

"அடிக்கிறது நான்தான் சார். தொட வேணாமா?"

நடுவர் வாயைத் திறப்பதற்குள் மற்ற பத்துப் பேரும் ஓடி வந்துவிட்டார்கள். வரிசையாக நின்று, ஒவ்வொருவனும் குனிந்து பந்தின் மேல் கை வைத்து, வாய்க்குள் எண்ணிக்கை சொல்லிவிட்டுப் போனான். கோச்சு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எதிரணி கோல்கீப்பர் டாபோ இதையெல்லாம் பார்த்தான். பதினொரு பேர் முணுமுணுத்துக்கொண்டே கை வைத்த பந்து தன்னைப் பார்த்து வரப்போகிறது. மெதுவாக நடந்து கோல்கம்பத்துக்கு வெளியே போய் நின்றுகொண்டான்.

"உள்ள போடா," என்று கத்தினார் அவன் கோச்.

"சூனியம் வச்சிருக்காங்க. எங்கம்மாவுக்கு நான் ஒரே புள்ள. நீங்க வேணா போய் நில்லுங்க."

அவர் போகவில்லை. ஒசெய் காலிக் கோலுக்குள் பந்தை அடித்துவிட்டான். எதிரணிப் பையன்களும் அந்தப் பந்தை உதைக்கப் பயந்து, சூடான அடுப்பை மிதிக்கிறவர்கள் மாதிரி நுனிக்காலால் தட்டினார்கள். பந்து கோல் வரைகூடப் போகவில்லை. கோப்பை எங்களுக்கு.

ஒரு ராத்திரிதான் சந்தோஷம். மறுநாளே சந்தையெல்லாம் ஒரே பேச்சு, சபையின் பிள்ளைகள் சூனியம் வைத்து ஜெயித்தார்கள் என்று. கோப்பைக்காகக் கோச்சுவை விரட்டிய அசமானியே இப்போது கோப்பையைத் துணி போட்டு மூடி வைத்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர்கள் போதகர் அறையில் கூடினார்கள். சூனியம் உண்மையானால் பையன்களைக் கோச்சுவிடமிருந்து எடுத்துவிடுவது என்று பேச்சு. பெண்கள் சங்கத்துக்காக என்னையும் உட்கார வைத்தார்கள். மேசை மேல் பந்து இருந்தது.

"தோத்தப்பவும் என்னைத்தான் போகச் சொன்னீங்க, ஜெயிச்சாலும் என்னைத்தான் போகச் சொல்றீங்க," என்றார் கோச்சு.

போதகர் நல்ல மனுஷர். "சண்டை வேணாம். பந்து மேல ஜெபம் பண்ணிடுவோம். ஒவ்வொருத்தரா கை வைங்க," என்றார்.

முதலில் போதகர் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே, "ஒண்ணு" என்று ஒரு குரல். பையன்கள் அத்தனை பேரும் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்தவர் வைத்தார், "ரெண்டு." மூப்பர் ஒருவர் முறைத்தார். அவரும் கை வைத்தார். "மூணு." அசமானி கண்ணை மூடிக்கொண்டு தொட்டார். அப்படியே மேசையைச் சுற்றி வந்து என்னிடம் வந்தது. நானும், ஆண்டவரே இந்த மனுஷனைக் கைவிடாதேயும் என்று மனதுக்குள் சொல்லிக் கை வைத்தேன்.

"பதினொண்ணு."

கதவு திறந்தது. ஒசெய் உள்ளே ஓடி வந்தான். பந்து மேசையிலிருந்து உருண்டதா, அவன் தட்டினானா, எனக்குத் தெரியாது. தரையில் விழுவதற்குள் ஒரே உதை. அங்கி தொங்குகிற அலமாரி திறந்திருந்தது. பந்து நேராக உள்ளே போய், போதகரின் வெள்ளை அங்கியைச் சுருட்டிக்கொண்டு நின்றது.

அசமானி தன்னை அறியாமல் இரண்டு கையையும் மேலே தூக்கியிருந்தார். "கோல்" என்று சொல்லியும் விட்டார்.

போதகர் அங்கியைப் பார்த்தார், அசமானியின் கையைப் பார்த்தார், ஜன்னலில் தொங்குகிற முகங்களைப் பார்த்தார். "இது சூனியம் இல்ல. கோச்சு இதுங்களை இப்படிப் பழக்கி வச்சிருக்காரு," என்றார். "பசங்க அவர்கிட்டயே இருக்கட்டும். வேற யாரு கையில கொடுத்தாலும் அந்த ஆளுக்கு மண்டை காஞ்சிடும்."

அசமானி மெதுவாகக் கையைக் கீழே இறக்கினார்.

கோச்சு யாருக்கும் நன்றி சொல்லவில்லை. நேராக ஒசெயிடம் போனார்.

"பதினொரு பேர் தொட்டது சரி. ஏன்டா வலது கால்ல அடிச்ச?"

"இன்னைக்கு நாம ஜெயிக்கணும்ல கோச்சு," என்றான் ஒசெய்.

கோச்சு அங்கியை உதறி, பந்தை எடுத்து, திரும்ப மேசை மேல் வைத்தார்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. எல்லாரும் இன்னொரு தரம் கை வைங்க. இவன் இடது கால்ல அடிக்கட்டும்."

போதகர் எழுந்து போய் அலமாரியிலிருந்து அங்கிகளை எடுத்துவிட்டு, அதன் கதவை அகலத் திறந்து வைத்தார்.