எங்கள் ஆலைச் சிவப்பு

என் கணவர் தும்மினால் கைக்குட்டை நிறம் மாறும். அதை வைத்தே ஆலையில் அன்றைக்கு எந்தச் சாயம் ஓடியது என்று சொல்லிவிடலாம். ராஜபாளையத்திலிருந்து சோழபுரம் போகும் சாலையில், தோலுக்குச் சாயம் தயாரிக்கும் சின்ன ஆலை அது. ஆய்வுக்கூடத்தில் நான் புதுச் சாயம் செய்து பார்ப்பேன். தேறினால் அவர் அதைப் பெரிய தொட்டியில் செய்வார். எங்கள் வீட்டில் வெள்ளைத் தலையணை உறை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அப்படி நான் செய்த ஒரு சிவப்பு எங்களைப் படாத பாடு படுத்தியது. ஆட்டுத்தோலில் ஏற்றிக் காயவைத்து, ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தால் துணியில் ஒட்டக் கூடாது. எங்கள் சிவப்போ தோலை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றிலும் ஒட்டியது. என் நகக்கண், அவர் சட்டைக் காலர், டிபன் பாக்ஸ் மூடி, எதையும் விடவில்லை. முகமூடி போடுங்கள் என்றால் மூச்சு முட்டுகிறது என்பார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வியர்வையும் எச்சிலும் நிறமாக வருவது ஆலையில் எல்லாருக்கும் பழகிப்போனது. சிறுநீர் நிறம் மாறினாலும் சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பார்கள்.

ஒருவழியாகச் சிவப்பு தேறியது. தொட்டியில் அது ஓடிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் காலையில் குளியலறையிலிருந்து வந்தவர் பெருமையாகச் சொன்னார்:

"ஏட்டி, ஒன் செவப்பு எனக்குள்ளயும் நல்லா புடிச்சிருச்சு."

நானும் சிரித்தேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. ஆளில்லாத குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்க்கிறேன், தரை காய்ந்து கிடக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது.

அந்தக் காலைக்குப் பிறகு அவர் இளைத்துக்கொண்டே போனார். இடுப்பு வலி என்று ஆலையில் பாதி வேலையில் உட்கார ஆரம்பித்தார். சண்டை போட்டுத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சிறுநீர் எப்போதிருந்து சிவப்பாகப் போகிறது என்று டாக்டர் கேட்டார். அது சாயம், எங்கள் ஆலையில் எல்லாருக்கும் உள்ளதுதான் என்று இவர் டாக்டருக்கே பாடம் எடுத்தார். இப்போதும் அப்படித்தானா என்றார் டாக்டர். இன்றைக்குக் காலையிலும் சிவப்புதான் என்றார் இவர்.

நான் அவர் கைகளைப் பார்த்தேன்.

"செவப்பு ஓடி முடிஞ்சிருச்சேங்க," என்றேன். "இப்ப நீலம்லா ஓடுது."

அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். நகமெல்லாம் நீலம். பிறகு கேட்டார், டாக்டரிடம் இல்லை, என்னிடம்.

"அப்ப இது என்னட்டி?"