நாலடிக் குழி

மகளின் தலைப்பிரசவத்தைப் பானுமதி சண்டை போட்டுத்தான் வாங்கி வந்தாள். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம்தான். ஆனால் பெங்களூர் சம்பந்தியம்மா ராஜாமணிக்கு மருமகளை அனுப்ப மனமில்லை.

"இங்க தெருவுக்கு ஒரு ஆஸ்பத்திரி இருக்குதுங்க. பாப்பிரெட்டிப்பட்டியில என்ன இருக்குது?"

"தண்ணி இருக்குதுங்க" என்றாள் பானுமதி.

போன கோடையில் அந்த அடுக்குமாடிக்குத் தண்ணீர் லாரி வராமல் மூன்று நாள் குளிக்காமல் கிடந்ததை மகள் பூவிழி போனில் அழுது சொல்லியிருந்தாள். ராஜாமணி உள்ளே போய் மருமகளின் பெட்டியை எடுத்து வந்தாள்.

சொன்னது பாதிப் பொய். புருஷன் போன பிறகு புளிக்கொட்டை எடுக்கும் கூலியில் மகளைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தவள் பானுமதி. பேரப்பிள்ளையைத் தன் வாசலிலிருந்து தூக்கிக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் தனக்கென்று வைத்திருந்த ஆசை. அதற்காகச் சொன்ன பொய்.

முன்பெல்லாம் ஐப்பசி பிறந்தால் நசநசவென்று நாள்கணக்கில் தூறும். சித்தேரி மலை ஊறும், பிறகு கீழே கிணறுகள் ஊறும். இப்போது ஐப்பசி பங்குனியைப் போலக் காய்கிறது. எங்கோ கடல் கொதித்தால் ஒரு பருவத்து மழை ஒரே நாளில் கொட்டிவிட்டு ஓடுகிறது. ஊறுவதற்கு மண் வேண்டுமே. தெரு முழுக்கச் சிமெண்டு.

குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட்டார்கள். அதிலும் வேகம் இல்லை. வாசலில் குழி வெட்டி, குழாயின் வாயைத் தரைக்குக் கீழே இறக்கி வைத்தால்தான் வரும். யார் குழி ஆழமோ அவர்கள் குடம் நிறையும். எதிர்வீட்டு ராமக்காள் இரண்டடி வெட்டினாள். பானுமதி மூன்றடி வெட்டினாள். ராமக்காள் அதற்கு மேல் ஒரு சாண் கூட்டினாள். பூவிழி வந்த மறுநாள் பானுமதி கடப்பாரையோடு நாலடிக்கு இறங்கிவிட்டாள்.

"என்னாடி பானு, பொதையலு கிதையலு எடுக்கறியா?" என்றாள் ராமக்காள்.

"மாசமா இருக்கற புள்ள வந்துருக்குதுக்கா. அதுக்குத் தண்ணி வேணாமா?"

"எங்க வூட்ல இருக்கறதுங்க எல்லாம் பொம்மைங்களா? எனக்கு மூணு கொடந்தான் வந்துச்சு. தோண்டு, நல்லாத் தோண்டு. பூமிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாத்துட்டு வா!"

பானுமதி குழிக்குள்ளிருந்து சிரித்தாள். அன்றைக்கு அவளுக்குப் பதினாலு குடம்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு மத்தியானம் மழை பிடித்தது. பொழுது சாய்வதற்குள் எது தெரு, எது சாக்கடை என்று தெரியவில்லை. அத்தனையும் பள்ளம் தேடி வந்தது. தெருவிலேயே பெரிய பள்ளம் பானுமதியுடையது. திருகு இல்லாத அந்தக் குழாய் வாய் சாக்கடைக்குள் மூழ்கிக் கிடந்தது. மேல்தொட்டியில் தண்ணீரை நிறுத்திய பிறகு வெறுங்குழாய் கீழே கிடப்பதை உறிஞ்சிக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியாது. அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

கூரையிலிருந்து பிடித்து வைத்த இரண்டு அண்டா மழைத்தண்ணீர் நாலு நாளில் தீர்ந்தது. ஆறாம் நாள் குழாயில் தண்ணீர் விட்டார்கள். பானுமதி குழியை இறைத்துவிட்டு, குழாய் வாயை முந்தானையால் துடைத்தாள். முதல் குடம் லேசாகக் கலங்கி வந்தது. வழக்கமாக அதைக் கீழே ஊற்றிவிடுவாள். அன்றைக்குக் கை வரவில்லை. வெள்ளைத்துண்டில் இரண்டு முறை வடிகட்டினாள்.

"ஒரு மாதிரி வாடை அடிக்குதும்மா" என்றாள் பூவிழி.

"மழ பேஞ்ச வாடை கண்ணு. குடி."

இரண்டாம் நாள் பூவிழிக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆரம்பித்தன. அரூர் ஆஸ்பத்திரியில் நாலு நாள் குளுக்கோஸ் ஏறியது. வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் பானுமதி உட்கார்ந்தாள்.

"தண்ணியக் காய்ச்சினீங்களா?"

"வடிகட்டினேனுங்க."

டாக்டரம்மா அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினாள்.

ராஜாமணி காரோடு நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். வாய்க்கு வந்தபடி பேசுவாள் என்று பானுமதி பயந்திருந்தாள். பேசியிருந்தால் பதிலுக்கு அழுதாவது இருக்கலாம். ராஜாமணி குரலை உயர்த்தவே இல்லை.

"அங்க கேன் தண்ணியாச்சும் வாங்கித் தர்றமுங்க. கூட்டிட்டுப் போறேன்."

பூவிழி காரில் ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீயும் வாம்மா."

ராஜாமணி ரோட்டைப் பார்த்தாள். "ரெண்டே ரூமுதானுங்க. கொழந்த பொறந்ததும் போன் பண்றோம். வந்து ஒருநாள் பாத்துட்டுப் போங்க."

ஒருநாள். ஊர் வழக்கப்படி அதைச் சொல்ல வேண்டியவள் பானுமதி. கேட்டுத் தலையாட்ட வேண்டியவள் ராஜாமணி.

"சரிங்க" என்றாள் பானுமதி. மகளின் முதுகுக்குத் தலையணையைச் சரியாக வைத்துக் கார்க் கதவைச் சாத்தினாள்.