கையை அமுக்கி உட்கார்ந்தவர்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். தென்காசியில் இரண்டு கடைகள், குத்துக்கல்வலசையில் மாடி வீடு, குற்றாலத்தில் பன்னிரண்டு அறைகளுள்ள விடுதி எல்லாம் என் உழைப்பில் எழும்பியவை. விடுதியில் குழந்தைகளுக்குச் சறுக்குமரம்கூட வைத்திருக்கிறேன்.

போன சாரல் சீசனில் துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவர் குடும்பத்தோடு தங்கினார். வெயிலில் கறுத்த முகம், புது லுங்கி. அவருடைய நான்கு வயது மகள் சறுக்குமரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்பக்க ஓடையில் இறங்கிவிட்டாள். கணுக்கால் அளவுத் தண்ணீர்தான், ஆனாலும் பாசி. அவரோ இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக் கரையில் உட்கார்ந்திருந்தார்.

“பிள்ள வழுக்கி விழப்போவுது. கையப் பிடிங்க தம்பி” என்றேன்.

“அதுக்குத்தான் அமுக்கி வச்சிருக்கேன் அண்ணாச்சி. விட்டா இந்தக் கை தானா போய்ப் பிடிச்சிருது. அடுத்த வாரம் நான் பிளேன் ஏறிட்டா யாரு பிடிப்பா?”

சொல்லி முடிப்பதற்குள் அவள் வழுக்கித் தண்ணீரில் உட்கார்ந்தாள். அவர் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். அவள் அழவில்லை. வழுக்கிய கல்லைப் புரட்டிக் குனிந்து பார்த்தாள்.

“வாப்பா, இங்கன ஒரு நண்டு ரூம் போட்டிருக்கு.”

அவர் முகத்தில் வந்த சிரிப்பு எனக்கு இன்னும் விளங்கவில்லை. கையைப் பிடிக்காமல் விட்டதால்தான் மகள் நண்டைக் கண்டுபிடித்தாள் என்று அவர் ஊரெல்லாம் சொல்வார், சொல்லட்டும். பக்கத்தில் நின்ற நானும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன். அவர் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.